முதிரை மரமும் தச்சுவினையும்

சில ஆண்டுகளின் முன்னர் யான் கற்பித்துவந்த பாடசாலையொன்றிற் பழைய வகுப்பறைக் கட்டடம் புதுக்கப்பட்டது. யன்னல்களும் நிலைகளும் கழற்றப்பட்டு, அவை நின்ற இடங்களில் அலுமினியச் சட்டங்கள் பொருத்தப்பட்டன. கழற்றிய மரங்கள் மதிலோரத்திற் குவிந்து கிடந்தன. பல முறை பூசப்பெற்ற பச்சைத் தீந்தை உரிந்தும் கறுத்தும் போன அவற்றை விறகாகக் கொடுத்துவிடுவதென முடிவாயிற்று. உழவு இயந்திரப் பெட்டியொன்று வந்து, பாதிக்கு மேற்பட்டவற்றை வெதுப்பகம் ஒன்றுக்கு ஏற்றிச் சென்றுவிட்டது.

அன்று கூரை வேலைக்கு வந்திருந்த முதிய ஓடாவியார் ஒருவர், எஞ்சிக் கிடந்த குவியலினின்றும் ஒரு சட்டத்தை ஒரு கையால் எடுக்க முயன்றார். முடியாமற் போகவே மற்றைக் கையையுங் கொடுத்துத் தூக்கினார். பின் தமது பையிலிருந்து சீவுளியை எடுத்து, அலகைத் தட்டிச் சரிசெய்து, அச்சட்டத்தின் மீது ஒரு சாண் நீளத்துக்குச் சீவினார். பச்சைத் தீந்தைக்கும் அதன் கீழிருந்த அழுக்குக்கும் அடியிலிருந்து பொன்மஞ்சள் நிறம் வெளிப்பட்டது. வெயிலிற் பிடித்துத் திருப்பியபோது அந்நிறத்தினுள்ளே நிழலும் ஒளியும் பட்டுத்துணியின் மடிப்புப்போல் இடம் மாறின. “மாஸ்ரர், இது விறகில்லை. முதிரை” என்றார் அவர். அதற்குமேல் எதுவும் அவர் கூறவில்லை.

யான் தமிழாசிரியன், தச்சன் அல்லன். ஆயினும் கையருகே பல்லாண்டு கிடந்த பொருளை விறகென்று எண்ணியிருந்த நாணம் என்னை விடவில்லை. ஓடாவியாரிடங் கேட்டும், நூல்களிற் படித்தும், பட்டறையிற் பார்த்தும் அறிந்தவற்றை இம்மலரைப் படிப்போருக்குத் தொகுத்துச் சொல்லலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்மரம் எனப்படுவது யாது?

மரவினை நூல்கள் மரங்களை வன்மரம், மென்மரம் என இருவகைப்படுத்துகின்றன. இப்பெயர்கள் மாணவரை மயங்கவைப்பன. அகன்ற இலையுடையனவாய்ப் பூத்துக் காய்க்கும் மரங்களின் பலகை வன்மரம். ஊசியிலை மரங்களின் பலகை மென்மரம். எனவே இப்பாகுபாடு தாவரக் குடும்பம் பற்றியதேயன்றி வன்மையின் அளவு பற்றியதன்று. கையால் நசுக்கத்தக்க பல்சா மரமும் இக்கணக்கில் வன்மரமே. தேக்கு, வேம்பு, பலா, கருங்காலி, பாலை, முதிரை ஆகியனவும், மேனாட்டார் பெரிதும் போற்றும் அக்ரூட் மரமும் வன்மரங்களாம்.

தமிழ் மரபிலோ வேறொரு பாகுபாடு உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்து மரபியலில் ஆசிரியர், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்தார். முன்னையதற்குப் புறக்காழ் என்றும் பின்னையதற்கு அகக்காழ் என்றும் பெயர். இதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தன. முதிரையும் வேம்பும் மரத்தினத்தன. பனையைத் தறித்துப் பிளந்தோர் இதனை நன்கு அறிவர். அதன் வைரமெல்லாம் வெளிப்புறத்திலேயே இருக்கும். நடுவிலுள்ள சோற்றைக் களைந்துவிட்டே கைமரமும் சலாகையும் எடுப்பர். முதிரை போன்ற மரங்களிலோ வைரம் நடுவிலே தோன்றி ஆண்டுதோறும் வெளிநோக்கி வளரும். பனையும் தென்னையும் மூங்கிலும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்பதும், மூங்கில் புற்குடும்பத்தையே சேர்ந்தது என்பதும் இக்காலத் தாவரவியலின் முடிபு. எமது பாடசாலைகளில் உயிரியல் கற்கும் மாணவர், நீரைக் கடத்தும் இழையத்துக்குக் காழ் என்னும் சொல்லையே இன்றும் எழுதுகின்றனர். அஃது அப்பழைய சொல்லேயாம்.

வைரம் உண்டாகும் முறை கவனிக்கற்பாலது. அடிமரத்தின் வெளிப்புறத்திலுள்ள இளங்காழ் நீரைக் கடத்தும். இதனை வெளிறு என்பர். ஆண்டுகள் செல்ல உட்புறத்திலுள்ள காழின் உயிர்க்கலங்கள் இறக்கும். இறக்குமுன் அவை விட்டுச்செல்லும் நிறப்பொருள்களும் பிசின்களும் கசப்புப் பொருள்களும் அவ்விடத்தை நிரப்பும். பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் அவை ஒவ்வாதன. இவ்வாறு உருவானதே வைரமாகும். மரம் உயிரோடு நிற்கையிலேயே அதன் நடு உயிரற்றதாய், ஆனால் உறுதி மிக்கதாய் நிற்கின்றது.

மரமும் பெயரும்

முதிரைக்குத் தாவரவியலார் இட்ட பெயர் குளோரோட்சைலோன் சுவிற்றெனியா என்பது. முதற்சொல் கிரேக்க மொழியில் வெளிறிய பசுமஞ்சள் நிற மரம் எனப் பொருள்படும். இரண்டாவது மகோகனி இனத்தின் பெயர். இம்மரத்தை முதலில் மகோகனியோடு சேர்த்து எண்ணினமையின் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் இஃது எலுமிச்சை, தோடை, வில்வம் ஆகியன அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்ததாகும். இலையைக் கசக்கினால் எழும் மணம் அவ்வுறவைக் காட்டிக்கொடுக்கும். சிங்களத்தில் இதனைப் புருத்த என்பர். தமிழ்நாட்டிற் பொரசு என வழங்குவர். புரசு எனப்படும் பலாசு வேறு. ஆங்கிலர் இதன் பளபளப்பைச் சற்றின் என்னும் பட்டுத்துணிக்கு ஒப்பிட்டுச் சற்றின்வூட் எனப் பெயரிட்டனர். இன்னொன்றும் சொல்லவேண்டும். பழைய நூல்களில் முதிரை என வருவது அவரை, துவரை முதலிய பருப்பினங்களைக் குறிப்பது. மாணவர் அதனை இம்மரமெனக் கொள்ளலாகாது.

இந்தியாவின் வறண்ட காடுகளிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் முதிரை இயற்கையாக வளர்கின்றது. வன்னிப் பெருநிலத்திலும், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளிலும், அநுராதபுரம், பொலனறுவைப் பகுதிகளிலும் பாலை, வீரை, கருங்காலி ஆகியவற்றோடு கலந்து நிற்கும். 15 மீற்றர் உயரம் வரை வளர்வது வழக்கம். நல்ல நிலமாயின் அதனினும் உயரும். பட்டை தடித்துத் தக்கைபோல் வெடித்திருக்கும். ஒரே காம்பின் இருமருங்கும் பல சிற்றிலைகள் அமைந்திருக்க, மரம் முழுவதும் சாம்பல் படிந்த இளம்பச்சையாகத் தோன்றும். பூ சிறியது, வெண்மஞ்சள் நிறத்தது. காய் முற்றி மூன்றாக வெடிக்கும். உள்ளிருக்கும் விதைகள் இறகுடையன. காற்றிற் பறந்து பரவுவன.

நீர் அரிதாகிய நிலத்தில், ஆண்டிற் சில திங்களே மழை பெறும் மரம் விரைந்து வளர இயலாது. ஆண்டுக்கு அது சேர்க்கும் காழ் மிகச் சிறிது, சேர்ப்பதோ நெருக்கமானது. இதனை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும். முதிரையின் சிறப்பும் அதன் இன்றைய அவலமும் இவ்வொரு செய்தியினின்றே பிறக்கின்றன.

வைரத்தின் இயல்புகள்

முதலாவது பாரம். நன்கு உலர்ந்த முதிரையின் ஒரு கன அடி ஏறத்தாழ 60 இறாத்தல் நிறையுடையது. தேக்கோ ஏறக்குறைய 41 இறாத்தல். அமெரிக்கக் கறுப்பு அக்ரூட் 38 இறாத்தல். ஒரு கன அடி நீர் 62 இறாத்தலுக்குச் சற்று மேற்பட்டது. ஆகவே முதிரை நீரில் மிதப்பதும் அரிதின் மிதப்பதாகும். பாலை அதனினும் பாரமானது; தாழ்ந்தே போகும். இங்கு வியப்பான செய்தியொன்றுண்டு. எம்மரமாயினும் அதன் கலச்சுவர் நீரைப்போல் ஒன்றரை மடங்கு பாரமுடையது. பல்சாவிலும் பாலையிலும் அச்சுவர்ப் பொருள் ஏறக்குறைய ஒரே பாரமானதே. வேறுபாடு உள்ளிருக்கும் வெற்றிடத்தின் அளவில் மட்டுமே உளது. முதிரையின் நார்க்கலங்கள் தடித்த சுவரும் ஒடுங்கிய குழியும் உடையன. எனவே சிறிய இடத்தில் மிகுந்த பொருள் அடங்கியிருக்கின்றது.

இரண்டாவது வன்மை. மரத்தின் வன்மையை அளப்பதற்கு, 11.28 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குண்டொன்றை அதன் பாதிவரை பலகையில் அமிழ்த்துவதற்கு எவ்வளவு விசை வேண்டும் எனப் பார்ப்பர். அக்ரூட்டுக்கு ஏறத்தாழ 1,000 இறாத்தல் விசையும் தேக்குக்கு அதனிலுஞ் சிறிது கூடுதலாகவும் போதும். முதிரைக்கு அதன் இரண்டரை மடங்கு வேண்டும். ஆணி எளிதில் இறங்காமையும், உளி விரைவில் மழுங்குவதும் இதனாலேயே.

மூன்றாவது நிறமும் வரியும். அக்ரூட்டில் வைரம் கடுங்கபில நிறமாகவும் வெளிறு வெண்மையாகவும் தெளிவாகப் பிரிந்திருக்கும். கருங்காலியிலும் அவ்வாறே. முதிரையிலோ இரண்டுக்கும் இடையே எல்லை தெளிவாகத் தோன்றாது. இளமஞ்சள் மெல்லப் பொன்மஞ்சளாகும், அவ்வளவே. ஆதலின் மரக்காலையில் வாங்குவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். வெளிறு கலந்த பலகை பார்வைக்கு ஒத்ததாயினும் உழைப்புக்கு ஒவ்வாது.

முதிரையின் நார்கள் நேரே மேல்நோக்கிச் செல்வதில்லை. சில ஆண்டு இடப்பக்கமாகவும், பின் சில ஆண்டு வலப்பக்கமாகவும் சுற்றிச் சாய்ந்து வளரும். இதனைப் பின்னிய நார் எனலாம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் தளத்தில் இம்மரத்தை அரிந்தால், ஒரு பட்டை ஒளியைத் தெறித்தும் அடுத்த பட்டை விழுங்கியும் நாடா விரித்தாற்போன்ற வரிகள் தோன்றும். நார் அலையாகவும் வளைந்திருப்பின் அவ்வரிகள் முறிந்து தேனீயின் சிறகுபோன்ற புள்ளிகளாகும். பலகையைத் திருப்புந்தோறும் ஒளி இடம் மாறுவதற்குக் காரணம் இதுவே. அன்று வெயிலில் யான் கண்டதும் இதுவே.

நான்காவது சுருக்கம். பச்சை மரத்தில் நீர் இருவகையாக நிற்கும். கலத்தின் குழியில் நிற்பது ஒன்று. சுவரில் ஊறியிருப்பது மற்றொன்று. குழிநீர் வற்றும்போது மரம் சுருங்காது. ஈரம் மரப்பொருளின் நிறையில் நூற்றுக்கு 30 அளவுக்குக் குறைந்தபின், சுவர்நீர் நீங்கத் தொடங்கும்போதுதான் சுருங்கும். நீளவாக்கிற் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். ஆண்டு வளையத்தின் வழியே சுருங்குவதோ நடுவிலிருந்து பட்டைநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இவ்விரண்டும் ஒவ்வாமையினாலேயே பலகை வளைகின்றது, முறுகுகின்றது, வெடிக்கின்றது. முதிரை நெருக்கமான மரமாதலின் உள்நீர் வெளிவரக் காலம் பிடிக்கும். வெளிப்புறம் விரைந்து காய்ந்து உள் ஈரமாயிருப்பின் மேற்பரப்பில் மயிர்வெடிப்புக்கள் விழும். எனவே வெயிலிற் காயவிடலாகாது. நிழலில், பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒத்த பருமனுள்ள சலாகைத் துண்டுகளை வைத்து அடுக்கி, வெட்டுமுனைகளில் மெழுகோ தீந்தையோ பூசி, பொறுத்திருத்தல் வேண்டும்.

பட்டறையில்

முதிரையில் வேலை செய்வோர் முதலிற் கற்பது பொறுமை. சீவுளியை எத்திசையில் ஓட்டினும் ஒரு பட்டை வழிப்படும். அடுத்த பட்டை எதிர்த்து நார் கிளம்பும். அலகை மிகக் கூராகத் தீட்டி, மிக மெல்லிய சீவலாக எடுப்பதே இதற்கு வழி. இறுதிச் சீராக்கலைச் சுரண்டு தகட்டாற் செய்வர். அது கிடையாத காலத்தில் உடைந்த கண்ணாடித் துண்டின் ஓரத்தாற் சுரண்டிப் பளிங்குபோல் ஆக்கினர் எம்மூர் ஓடாவிமார். அரத்தாள் அதன் பின்னரே.

ஆணியையோ திருகாணியையோ நேரே செலுத்தினால் ஆணி வளையும் அல்லது மரம் பிளக்கும். துறப்பணத்தால் முன்னதாகத் துளையிட்டு, திருகாணியில் மெழுகு தடவிச் செலுத்துதல் வேண்டும். பசையும் இம்மரத்தினுள் எளிதில் ஊறாது. புதிதாகச் சீவிய பரப்பிலேயே பூசி, நன்கு இறுக்கி வைத்தால் ஓரளவு பிடிக்கும். இதனாலேயே பழைய ஓடாவிமார் ஆணியையும் வச்சிரத்தையும் நம்பாது மூட்டையே நம்பினர். துளையும் கழுந்தும் அளவாக வெட்டி, குறுக்கே மரமுளை அடித்துப் பூட்டிய நிலைகள் நூறாண்டு கழிந்தும் ஆடாது நிற்கின்றன. மெதுவான மரத்தில் மூட்டுப் பிழை மறைந்துவிடும், அடித்து இறுக்கலாம். முதிரை பிழையை மறைக்காது. ஒரு மயிரளவு கூடினும் கழுந்து புகாது. குறைந்தாலோ இடைவெளி கண்ணிற்படும். ஆதலின் ஒருவன் தொழில் கற்றானா என்பதை அறிய முதிரை நல்ல உரைகல் என்பர்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இம்மரத்தில் அற்கலோயிட்டு எனப்படும் காரப்பொருள்கள் உள. அவற்றைக் கொண்ட தூள் சிலரது தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். கைவாளால் அரிந்த காலத்தினும் மின்வாளும் மின்னரமும் ஓடும் இக்காலத்திலே தூள் நுண்ணியதாய் எங்கும் பறக்கின்றது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதலும், வேலை முடிந்ததும் உடம்பைக் கழுவுதலும் இன்றியமையாதன.

மெருகேற்றும் வேலை இம்மரத்தில் எளிது. துளைகள் நுண்ணியனவாதலின் நிரப்பு மா மிகுதியாக வேண்டுவதில்லை. மெழுகு தேய்த்தாலே முகம் தெரியும். காலஞ் செல்ல மஞ்சள் ஆழ்ந்து தேன்நிறமாகும். இத்தகைய மரத்துக்குத் தீந்தை பூசுதல் பொன்னகைக்குச் சாயம் பூசுவது போன்றது. ஆயினும் அரசாங்கக் கட்டடங்களிலும் பாடசாலைகளிலும் அவ்வாறு பூசுவதே வழக்கமாயிற்று. அதனால் உள்ளிருப்பது இன்னதென்பதே மறந்துபோயிற்று.

எதற்கு எம்மரம் என்பதையும் ஓடாவிமார் வரையறுத்திருந்தனர். மண்ணிற் புதைக்கவும் பெரும்பாரந் தாங்கவும் பாலை. முற்காலத்தில் இருப்புப்பாதைச் சிலிப்பர்க் கட்டைகளுக்கும் பாலையையே இட்டனர். கூரைக்குப் பனை. நிலை, கதவு, யன்னல், அலுமாரி, மேசை, கதிரை, கடைசற்கால் ஆகியவற்றுக்கு முதிரை. ஒல்லாந்தர் காலத்து இலங்கைத் தளபாடங்களில் முதிரையின் மஞ்சளையும் கருங்காலியின் கருமையையும் எதிரெதிரே அமைத்து அழகு செய்ததைக் காணலாம்.

நாடு கடந்த புகழ்

ஆங்கிலத் தளபாட வரலாற்றை எழுதிய பேர்சி மக்குவொயிட் என்பார், 1904 முதல் 1908 வரை வெளியிட்ட தமது நூலை நான்கு பாகங்களாக வகுத்தார். ஓக்கு மரக் காலம், அக்ரூட் மரக் காலம், மகோகனி மரக் காலம், சற்றின்வூட் மரக் காலம் என அவற்றுக்குப் பெயரிட்டார். ஒரு நாட்டின் சுவை மாறிய வரலாற்றை நான்கு மரங்களின் பெயராற் சொல்லிவிட்டார் அவர். அந்நான்காவது காலம் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியாகும். அப்பொழுது மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சென்ற வேறொரு மஞ்சள் மரமே முதலிற் பயன்பட்டது. அதுவும் முதிரையின் குடும்பத்ததே. பின்னர் இந்தியாவினின்றும் இலங்கையினின்றும் சென்ற முதிரை அதன் இடத்தைப் பிடித்தது. அங்கு இதனை முழுமரமாகப் பயன்படுத்தினோர் சிலரே. வெனியர் எனப்படும் மெல்லிய தகடாக அரிந்து, வேறு மரத்தாற் செய்த மேசை, பேழைகளின் மேல் ஒட்டி, ஒளியின் விளையாட்டை மட்டும் பெற்றுக்கொண்டனர்.

இலங்கையிலோ இம்மரத்தாற் பாலமே கட்டப்பட்டது. பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே, லெப்டினன் கேணல் ஜோன் பிரேசர் என்பாரின் அமைப்பில், 1833 இல் முதிரைப் பாலம் ஒன்று நிறைவெய்தியது. ஒரே வளைவு; நடுவிலே தூண் கிடையாது; வளைவின் அகலம் 205 அடி. ஆணியும் பூட்டாணியும் இன்றி மரத்தை மரத்தோடு பொருத்தியே அதனை அமைத்தனர் என்பர். வளைவாக அமைந்த பாலத்தில் ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டை நெருக்கும். மரமோ தன் நீளவாக்கில் நெருக்கத்தை நன்கு தாங்குவது. பாரம் ஏற ஏற மூட்டு இறுகுமேயன்றி நெகிழாது. வண்டிகளும் மக்களும் எழுபது ஆண்டுக்கு மேலாக அதன்மேற் சென்றனர். 1905 இல் அது கழற்றப்பட்டு, உருக்குப் பாலம் இடப்பட்டது. மழையிலும் ஆற்றீரத்திலும் இத்துணைக் காலம் நின்ற அப்பாலத்தினும் சிறந்த சான்று முதிரையின் உழைப்புக்கு வேண்டியதில்லை.

இன்று

1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் யாவரும் வீடு விட்டகன்றபோது யான் மாணவன். மறு ஆண்டு திரும்பிவந்து பார்க்கையில் எமது வீட்டின் சுவர்கள் நின்றன. பாட்டனார் காலத்து முன்கதவும் அதன் நிலையும் இல்லை. நிலை நின்ற இடத்திற் சுவர் பல்லுப்போன வாய்போற் கிடந்தது. தாயார் கூரையைக் குறித்தோ பாத்திரங்களைக் குறித்தோ அழவில்லை. அக்கதவைக் குறித்தே அழுதார். அந்நாளில் அதன் காரணம் எனக்கு விளங்கவில்லை. அதன்பின் இரண்டு முறை கதவு இட்டோம். ஒன்று மாரிக்கு ஊதிற்று. மற்றொன்றைக் கறையான் தின்றது. இப்பொழுது விளங்குகின்றது.

2009 ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் இடிந்த வீடுகளைக் கட்டியெழுப்பும் வேலை பெருகியது. மரத்தின் தேவையும் பெருகியது. முதிரைக் குற்றிகளைக் களவாக ஏற்றிச் சென்றோர் பிடிபட்ட செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருவதாயிற்று. காட்டு மரத்தைத் தறிப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது சட்டம். ஆனால் சட்டம் காவலன் நிற்கும் இடத்திலேயே நிற்கும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998 இல் இம்மரத்தை அழிவுக்கு ஆளாகக்கூடியவற்றின் பட்டியலிற் சேர்த்தது. தேக்கைத் தோட்டமாக நாட்டி ஒருவர் தம் ஆயுளுக்குள் அதன் பயனைக் காணலாம். முதிரையை நாட்டுவோர் தம் பேரப்பிள்ளைகளுக்காகவே நாட்டுகின்றனர். எந்த மெதுவான வளர்ச்சி அதற்கு வைரத்தைக் கொடுத்ததோ, அதுவே அதனை மீளப்பெறுதலை அரிதாக்கிற்று. வாளுக்கு ஒரு நாழிகை போதும். மரத்துக்கோ ஒரு மனித ஆயுளும் போதாது.

ஆகவே எம்மவர் செய்யத்தக்கன சில உள. முதலாவது, பழைய வீட்டையோ பாடசாலையையோ கோயில் மடத்தையோ புதுக்குவோர் கழற்றிய மரத்தை எறியுமுன் சோதித்துப் பார்த்தல். அதற்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. தூக்கிப் பார்க்க; நகத்தால் அழுத்திப் பார்க்க; மறைவான ஓரிடத்தில் ஒரு விரலளவு சீவிப் பார்க்க. பாரமும் வன்மையும் மஞ்சள் நிறமும் ஒருங்கே இருப்பின் ஓடாவியார் ஒருவரை அழைத்துக் காட்டுக. நூறாண்டு உலர்ந்த முதிரை எந்த மரக்காலையிலும் விலைக்குக் கிடையாத பொருள். சுருங்க வேண்டியதெல்லாம் முன்னரே சுருங்கி முடிந்தது. ஆணியைப் பிடுங்கி, தீந்தையைச் சுரண்டி எடுத்தால் புதிய பலகையினுஞ் சிறந்தது. பழைய தீந்தைகளில் ஈயம் கலந்திருத்தல் கூடுமாதலின், அதனை எரிக்காமலும் உலர்தூளாக்காமலும் நனைத்துச் சுரண்டுதல் நன்று.

இரண்டாவது, தொழிலைக் காத்தல். மரம் இருந்தும் அதனை ஆளத் தெரிந்த கை இல்லையேல் பயனில்லை. எனக்கு முதிரையைக் காட்டிய ஓடாவியாரின் மக்கள் எவரும் அத்தொழிலிற் புகவில்லை. மரவேலையைப் பாடசாலையில் ஒரு பாடமாகக் கற்ற பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அந்நாளிற் செய்த முதற் கழுந்து துளையினுட் சரியாகப் புகுந்த ஓசையை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிற நாடுகளிற் பொருள் ஈட்டி, கல்லூரிக்கு யாது செய்யலாம் என வினவுவோர், கணினிக் கூடத்தோடு ஒரு மரவேலைக் கூடத்தையும் நினைவிற் கொள்வார்களாக.

மூன்றாவது, நாட்டுதல். முதிரை வறட்சியைத் தாங்குவது. வன்னி மண்ணுக்கு உரியது. விதை காற்றிற் பறந்துவிடுமாதலின் காய் வெடிக்குமுன் சேர்த்தல் வேண்டும். நாற்றுமேடையில் வளர்த்துக் கன்றாக நாட்டலாம். ஆடுமாடு கடியாது வேலியிட்டு முதற் சில கோடைகளில் நீரூற்றினாற் போதும். பின்னர் அது தானே நிற்கும். விழா நினைவாக ஒரு மரம் நாட்டுவது எங்கணும் வழக்கம். விரைந்து பூக்கும் அழகு மரங்களை நாட்டுவதே பெரும்பான்மை. இவ்வாண்டு முதிரைக் கன்று ஒன்றை நாட்டினால், அது வைரம் பாய்ந்து நிற்கும் நாளில் இன்றைய முதலாம் வகுப்பு மாணவரும் முதியோராய் இருப்பர். ஒரு கல்லூரிக்கு அக்காலம் பெரிதன்று. மனிதர் மாற நிலைத்து நிற்பதற்காகவன்றோ கல்லூரிகள் நிறுவப்பெற்றன?

வெதுப்பகத்துக்குச் சென்ற மரங்கள் சென்றனவே. அவற்றை மீட்க இயலவில்லை. ஏற்றிச் சென்ற அன்றே பாதி எரிந்துவிட்டது எனப் பின்னர் அறிந்தோம். எஞ்சியவற்றை அதிபர் உடனே தடுத்து நிறுத்தினார். அவற்றினின்றும் அவ்வோடாவியார் மூன்று திங்களில் நூலகத்துக்கு நீண்ட மேசையொன்று செய்துதந்தார். ஆணி இருந்த துளைகளை முதிரைத் துண்டுகளாலேயே அடைத்தார். அடிப்பக்கத்திற் பச்சைத் தீந்தையை மட்டும் உரிக்காது விட்டார். காரணம் வினவியபோது, “பிள்ளையள் குனிஞ்சு பாக்கட்டும் மாஸ்ரர்” என்றார்.

பிள்ளைகள் பார்க்கின்றனர். புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்பினரையும் யான் அம்மேசையின் கீழே குனிந்து பார்க்கச் சொல்வேன். பின் நிமிர்ந்து மேற்பரப்பைக் கையாற் தடவச் சொல்வேன். இரண்டும் ஒரே மரம் என்பதை நம்ப அவர்களுக்குச் சிறிது நேரம் ஆகும்.